கரண்டி பிடித்த கை தோற்காது

“இன்னிக்கும் தோசையா?”

கூடத்திலிருந்து இந்தக் குரல் வந்தால் கோபப்படாதீர்கள். “வேணும்னா சாப்பிடு, இல்லேன்னா எழுந்து போ” என்று தட்டை ணங்கென்று வைக்காதீர்கள். மனசு விட்டுப்போய் அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கவும் வேண்டாம். அது உங்கள் கைப்பக்குவத்தின் மேல் விழுந்த பழி இல்லை. நாக்கின் இயல்பு அப்படி. கேட்கிற பிள்ளைக்கு அது தெரியாது. கேட்டுக் கேட்டுப் புண்பட்டுப்போன உங்களுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேல் இருந்த ஆசை மளமளவென்று இறங்குகிறது. இன்னும் தொடாத பண்டத்தின் மேல் ஆசை இறங்காமல் நிற்கிறது. உள்ளே வைக்கும் பொருளை நான்கு விதமாக மாற்றி சாண்ட்விச் கொடுத்தபோது, ஒரே விதமாகக் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனது. பாஸ்தாவின் வடிவத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தபோதும் சாப்பிட்டவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மாவு அதே மாவு, ருசி அதே ருசி, வடிவம்தான் வேறு! கல்யாணப் பந்தியில் இனி ஒரு வாய் சோறும் இறங்காது என்று கையெடுத்தவர், பாயசம் வந்ததும் இலையை நேராக்கி உட்காருகிறாரே, அதுவும் இதே கணக்குத்தான்.

ஆகவே உங்கள் தோசையில் குறை இல்லை, உங்களிடமும் குறை இல்லை. நேற்றும் முந்தாநாளும் வந்த அதே வட்டம், அதே வெள்ளைச் சட்னி, அதே மணம் மூன்றாம் நாளும் வந்தால் நாக்கு திரும்பிப் படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய உங்களால் முடியும். பெரிய அடுக்களை வேண்டாம், புதுச் சாமான் வேண்டாம், இப்போது செலவழிப்பதற்கு மேல் அரை மணி நேரமும் வேண்டாம். “எனக்கு இவ்வளவுதான் வரும்” என்ற எண்ணத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு வரும் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கடுகு எண்ணெயில் போட்டதும் எந்த நொடியில் அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உளுத்தம்பருப்பு சிவந்துவிட்டதை மணத்தை வைத்தே சொல்வீர்கள். புளி கரைத்த தண்ணீரைப் பார்த்ததும், இது ரசத்துக்குப் போதும், குழம்புக்குப் போதாது என்று கண் அளந்துவிடும். உப்பை எந்தக் கரண்டியும் இல்லாமல் விரல்களால் அள்ளிப் போடுகிறீர்கள், சரியாக இருக்கிறது. இதையெல்லாம் ஒரு சமையல் கல்லூரியில் படித்து வாங்க வேண்டுமென்றால் வருடங்கள் ஆகும். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டா “எனக்குச் சமைக்கத் தெரிஞ்சது நாலு அயிட்டம்தான்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அதே புள்ளி, அதே கோலமாவு. ஆனால் நேற்றுப் போட்ட கோலத்தை இன்று வாசலில் போடுவதில்லையே! வாசலில் ஓடுகிற கற்பனை அடுப்படியில் ஏன் நின்றுபோகிறது?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். முடிவை எடுக்கிற நேரம் தப்பு.

சாயங்காலம் ஏழு மணி. அலுவலகத்திலிருந்தோ கடையிலிருந்தோ பேருந்தில் நசுங்கி வீடு சேர்ந்திருக்கிறீர்கள். பையை வைக்கவில்லை, முகம் கழுவவில்லை. “ராத்திரிக்கு என்ன?” என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது ஓய்வு. களைத்த தலை புதிதாக எதையும் யோசிக்காது, பழகிய தடத்தில்தான் போகும். குளிர்பெட்டியைத் திறந்ததும் மாவுப் பாத்திரம் கண்ணில் படுகிறது. முடிந்தது! தோசை என்று நீங்கள் தீர்மானிக்கவே இல்லை, களைப்பு தீர்மானித்தது. இன்னும் களைப்பான நாளில் கை போனை எடுக்கிறது, ஏதோ ஒரு செயலியில் பரோட்டா வருகிறது. இப்படிக் களைப்பிடம் வாரத்தில் ஐந்து ராத்திரியைக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் அதை மீட்க முடியாது.

எனவே அந்த முடிவை ஏழு மணியிடமிருந்து பிடுங்குங்கள். முந்தைய ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த கையோடு எடுங்கள், அல்லது காலையில் காபி கொதிக்கும்போது எடுங்கள். ஒரு நிமிடம் போதும். “இன்னிக்கு ராத்திரி அடை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊறவேண்டியதை ஊறப்போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் நீங்கள் வீடு சேரும்போது பாதிச் சமையல் தண்ணீருக்குள் நடந்து முடிந்திருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற நாளில் இரவு எட்டரைக்கு மேல்தான் மெஷினை விட்டு எழுவார். அவருக்கு இல்லாத களைப்பு நம்மில் யாருக்கு இருக்கிறது? காலையில் கிளம்பும்போதே ஒரு டம்ளர் கொள்ளைக் கல் நீக்கிக் கழுவி ஊறவைத்துவிடுவார். ராத்திரி வந்ததும் அது குக்கரில் ஏறும். ஒரு பக்கம் சோறு. குக்கர் விசில் விட்டுக்கொண்டிருக்கும்போதே சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், வரமிளகாய் வாணலியில் வதங்கும். கொள்ளு வெந்த தண்ணீரை வடித்து எடுத்துத் தனியே வைப்பார். அதில் புளியும் தக்காளியும் மிளகும் சேர்ந்து ரசமாகும். வெந்த கொள்ளை வதக்கியதோடு சேர்த்துக் கல்சட்டியில் போட்டு மத்தால் கடைவார். நான்கு கடைதலில் தோல் உடைந்து, எட்டாவதில் மண்ணும் புகையும் கலந்தாற்போல ஒரு மணம் எழும்பும். சுடுசோற்றில் கடைசல், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய், அடுத்த பிசையலுக்கு ரசம். ஒரே தானியம் இரண்டு பண்டமாகத் தட்டில் நிற்கும். “காலைல நெனச்சு வெச்சுட்டா ராத்திரி கை தானா ஓடுதுங்க” என்றார். அவரைவிடப் பெரிய ஆசிரியர் இந்த விஷயத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்து ஒரு பயத்தை உடைக்க வேண்டும். விதவிதமாகச் சமைப்பது என்றாலே தினமும் புதிது புதிதாக ஒரு பண்டம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! தெரிந்த பண்டத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும்.

புளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சமையலில் பாதி ராஜ்ஜியம் புளிப்பினுடையது. ஆனால் வீட்டில் புளிப்பு என்றால் புளி, மிஞ்சினால் தக்காளி. எலுமிச்சை இருக்கிறது, புளித்த மோர் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, பெருநெல்லி இருக்கிறது, புளிச்சகீரை இருக்கிறது, நார்த்தங்காய் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் போனால் மீன்குழம்பில் குடம்புளி கிடக்கிறது. அதே துவரம்பருப்புத் தண்ணீரில் இன்று எலுமிச்சை ரசம் வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசந்துவிடும். இன்னொரு நாள் நெல்லிக்காயைத் தட்டிப் போடுங்கள். மாங்காய்க் காலத்தில் பருப்பு வேகும்போதே இரண்டு கீற்றுப் போடுங்கள். பருப்பு அதுதான், தாளிப்பு அதுதான். சாப்பிடுகிறவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்.

எண்ணெயை மாற்றினாலும் இது நடக்கும். பொரியலைத் தேங்காயெண்ணெயில் தாளித்தால் நாகர்கோவில் மணக்கும். புளிக்குழம்பைக் கடலை எண்ணெயிலிருந்து நல்லெண்ணெய்க்கு மாற்றிப் பாருங்கள், மறுநாள் காலைவரை அது கெடாமல் தூக்கி நிற்கும். நறுக்கும் விதம் மாறினாலும் ருசி மாறும்: பொடியாக அரிந்த பீன்ஸும் விரல் நீளத்துக்கு நறுக்கி வதக்கிய பீன்ஸும் வாயில் ஒன்றாகவா இருக்கின்றன? மொறுமொறுப்பு ஒன்று தட்டில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சுட்ட அப்பளமோ, வெங்காய வடகமோ, கோடையில் போட்டு வைத்த சுண்டைக்காய் வற்றலோ, மோர் மிளகாயோ, ஏதாவது ஒன்று. வெறும் தயிர்சாதத்தை விருந்தாக்க ஒரு மோர் மிளகாய்க்கு இரண்டு நிமிடம் போதும்.

பீர்க்கங்காய் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். வாங்கும்போதே நகத்தால் கீறினால் சட்டென்று இறங்குகிற பிஞ்சாகப் பாருங்கள். முதுகின் முரட்டு விளிம்புகளை மட்டும் சீவித் தள்ளிவிட்டுத் தோலை மெல்லிசாகச் சீவுங்கள், தூக்கி எறியாதீர்கள். வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய், ஒரு கை உளுத்தம்பருப்பு, நான்கு வரமிளகாய். பருப்பு சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலைப் போட்டுப் பச்சை வாடை போகும்வரை, சுருண்டு அடங்கும்வரை வதக்குங்கள். கொட்டைப்பாக்கு அளவு புளி, கல் உப்பு, ஒரு பிடி தேங்காய். முதலில் மிளகாயையும் புளியையும் ஓட்டி, பிறகு தோல், கடைசியில் பருப்பு; பருப்பு பல்லில் தட்டுப்பட வேண்டும், மையாக அரைத்துவிடாதீர்கள். இது துவையல். உள்ளே இருந்த வெள்ளைச் சதையை நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றினால் கூட்டு. பாசிப்பருப்புக்கு ஊறல் வேண்டாம், கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு காய், இரண்டு பண்டம், அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். குப்பைக்குப் போக இருந்த தோல் அன்றைய ராத்திரியின் ராஜாவாகிவிடும். சௌசௌ தோலிலும் இதே வேலை நடக்கும்.

மாவுப் பாத்திரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. கோயம்புத்தூரில் 1955-ல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவு அரைக்கும் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லில் தோள்பட்டை தேய்ந்த தலைமுறைகளுக்கு அது விடுதலை. அந்த விடுதலையை வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் ஒரே வட்டத்தை வார்த்துக்கொண்டிருக்கலாமா? முதல் நாள் மாவுக்கு இட்லி. அடுத்த நாள் முறுகல் தோசை. கொஞ்சம் புளிப்பேறியதும் தடியாக ஊற்றிச் சின்ன வெங்காயம் தூவிய ஊத்தப்பம். அதற்கும் அடுத்த நாள் கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் கலந்த கொரகொர மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவிக்கிறார்கள். உங்கள் வீட்டு மாவில் இரண்டு கரண்டி எடுத்து, உடைத்த மிளகும் சீரகமும் சுக்குப்பொடியும் நெய்யும் கலந்து டம்ளரில் ஊற்றி ஆவியில் வையுங்கள். கோயில் மணம் உங்கள் கூடத்துக்கு வருகிறதா இல்லையா, பாருங்கள்!

தொட்டுக்கொள்ளவும் தேங்காய்ச் சட்னி என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிடாதீர்கள். கும்பகோணத்துக்காரர்கள் இட்லிக்குக் கடப்பா வைக்கிறார்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்துத் தேங்காய் அரைத்து ஊற்றி. சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு. எள்ளை வறுத்து அரைக்கலாம். வேர்க்கடலையும் பூண்டும் போதும், தேங்காயே வேண்டாம். தேங்காய்க் கீற்றை அடுப்புத் தணலில் காட்டி ஓரம் கருகச் சுட்டு அரைத்த துவையலை ஒரு தடவை சாப்பிட்ட பிள்ளை மறுநாளும் கேட்கும். கேட்டாலும் மறுநாளே கொடுக்காதீர்கள், ஏங்கட்டும்.

இப்போது கொஞ்சம் ஊர் சுற்றலாம், வாருங்கள். நம் மண்ணில் ஒரு மாவட்டத்துக்காரர் தினமும் சாப்பிடுவதை அடுத்த மாவட்டத்துக்காரர் பார்த்ததே இல்லை. இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாஸ்தா செய்யத் தெரியவில்லை என்று தாழ்வாக நினைப்பதா? கொங்குப் பக்கம் அரிசிம்பருப்புச் சோறு. துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரே குக்கரில், மூன்று விசிலில் முடிகிற வேலை. நெய் ஊற்றிச் சாப்பிட்டால் குழம்பு தேடத் தோன்றாது. தென்கோடியில் உளுந்தஞ்சோறு. தோல் உளுந்தும் அரிசியும் தேங்காயும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து வெந்து, எள்ளுத் துவையலோடு வந்து நிற்கும். இதற்கும் ஒரே பாத்திரம்தான். திருநெல்வேலியில் கல்யாண மறுவீட்டுக்கு வைக்கிற சொதி, பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப் பாலில் மிதக்க, பக்கத்தில் இஞ்சித் துவையல். அதைச் சுருக்கிப் புதன்கிழமை ராத்திரிக்கு வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்தவரின் சொதி வேறு. வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் தேங்காய்ப் பாலில் ஒரு கொதி, இறக்கி எலுமிச்சை. இடியப்பத்தின் மேல் ஊற்றிச் சம்பலோடு சாப்பிடுவார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மோர்க்களியை மட்டும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டில் காய் ஒன்றுகூட இல்லாத ராத்திரியில் அது கைகொடுக்கும். நன்றாகப் புளித்த மோர் இரண்டரை பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, உப்பு, கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கனமான வாணலியில் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. மோர் மிளகாய் கறுத்து மணக்கும்போது கரைசலை ஊற்றிக் கையெடுக்காமல் கிளறுங்கள். முதலில் கூழாகும், பிறகு திரளும், பிறகு மினுமினுப்பு ஏறும். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். கால் மணி நேரம். செயலியில் பணம் கட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு!

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் முட்டை ஒன்றே போதும். வேகவைத்துக் கீறிப் போடும் குழம்பை எல்லாரும் வைக்கிறார்கள். கொதிக்கிற தக்காளிக் குழம்பில் முட்டையை அப்படியே உடைத்து ஊற்றி, கரண்டி போடாமல் மூடி வையுங்கள். வெள்ளை இறுகி மஞ்சள் குழைவாக நிற்கும்போது இறக்குங்கள். ஆம்லெட்டாகச் சுட்டு வெட்டிக் குழம்பில் போட்டால் அது வேறொரு பண்டம். முருங்கைக்கீரையோடு உதிர்த்த முட்டைப் பொரியல் மூன்றாவது. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பாவில் இருந்தால் கம்பங்கூழ்கூட விருந்துதான்.

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்துவிட்டது, தினையும் சாமையும் வரகும் குதிரைவாலியும் கடை அலமாரியில் அப்படியே இருக்கின்றன. வெறும் சோறாக வடித்துக் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு “பிடிக்கலை” என்ற பதிலை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டீர்கள். சாமையை வெண்பொங்கலாக்குங்கள், மிளகும் இஞ்சியும் நெய்யும் சேர்ந்தால் எந்த அரிசி என்று யாரும் கேட்க மாட்டார்கள். வரகை உப்புமாவாகக் கிளறுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய பண்டத்தை முதல் தடவை ஒதுக்கிவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு புது ருசி சிறு குழந்தைக்குப் பழகுவதற்கு 8 முதல் 15 முறை வரை அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் குழந்தை உணவை ஆராய்ந்தவர்கள். நீங்கள் இரண்டாம் முறையிலேயே சுரைக்காயைக் கைவிட்டுவிட்டீர்கள்! திணிக்காதீர்கள், கெஞ்சாதீர்கள். பிடித்த பண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வையுங்கள், பேசாமல் இருங்கள். அடுத்த வாரம் வேறு உருவத்தில் மறுபடி வையுங்கள். பயறு உரிக்கவும் கீரை ஆயவும் அவர்களைக் கூப்பிடுங்கள். தான் ஆய்ந்த கீரையைப் பிள்ளை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்காது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. மூன்று தோசையிலும் சட்னியிலும் அது எங்கே இருக்கிறது? ராத்திரித் தட்டு மாறினால் நாக்கு மட்டும் பிழைப்பதில்லை, அந்தப் பிள்ளையின் ரத்தமும் எலும்பும் பிழைக்கின்றன.

இனி ஆண்களிடம் நேராகப் பேச வேண்டும். இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவழித்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அதிலும், பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த வேலையைச் செய்ய, ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு “இன்னிக்கும் தோசையா?” என்று கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நளபாகம் என்று ஆணின் சமையலைப் பாடிய நாடு இது. கல்யாண மண்டபத்தில் அண்டா அண்டாவாக வடிக்கிறவர் ஆண், ஓட்டல் கல்லில் பரோட்டாவைத் தட்டுகிறவர் ஆண். சொந்த வீட்டு அடுப்பு மட்டும் சுடுகிறதா? வாரத்தில் இரண்டு ராத்திரியை உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதும் ஊறப்போடுவதும் பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கம். “என்ன செய்யணும், சொல்லு” என்று வந்து நிற்பது உதவி ஆகாது. அந்த யோசனைதான் முதல் பாரம். இரண்டு பேர் கை பட்டாலே வீட்டுச் சாப்பாட்டில் தானாக வித்தியாசம் வந்துவிடும்; உங்கள் அம்மா வைத்த ரசமும் உங்கள் மனைவியின் அம்மா வைத்த ரசமும் ஒரே வீட்டில் மாறி மாறி மணக்கும்.

1951-ல் சென்னையிலிருந்து ‘சமைத்துப் பார்’ என்ற புத்தகத்தை எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்டார். இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுக்காரப் பெண்கள் கடிதம் எழுதிக் குழம்புக்கும் ரசத்துக்கும் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்ததால், புத்தகமாகவே எழுதிவிடு என்று மாமா சொன்னார்; எழுதினார். கண்திட்டமும் கைத்திட்டமுமாக இருந்த ஒன்றை ஆழாக்கு, பலம் என்று அளவு போட்டு, யாரும் பின்பற்றும்படி ஆக்கினார். எழுத்தாளர் என்ற பட்டம் இல்லை, பதிப்பகத்தார் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. தன் கைக்குத் தெரிந்தது மதிப்புள்ளது என்ற நிச்சயம் இருந்தது. அந்தப் புத்தகம் இன்றும் கல்யாணமாகிப் போகும் பெண்களின் பெட்டியிலும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பையன்களின் பெட்டியிலும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கைக்குத் தெரிந்ததும் மதிப்புள்ளதுதான். ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி அடுப்படி அலமாரியில் வையுங்கள். வீட்டில் எல்லாரும் தட்டை வழித்துச் சாப்பிட்ட ராத்திரிகளை, அன்று என்ன வைத்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். யோசனை ஓடாத நாளில் அதைப் புரட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை இந்தப் போருக்குத் தர முடியுமா? புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு டப்பா, வெங்காயத் தொக்கு ஒரு கிண்ணம். இது மூன்றும் இருந்தால் எந்தச் செவ்வாயும் வியாழனும் உங்களைக் கவிழ்க்க முடியாது. ஒருநாள் எதுவுமே முடியவில்லையா, காய்ச்சலா, கண் சொருகுகிறதா? கஞ்சி வையுங்கள், பொடி தொட்டுக்கொள்ளுங்கள், படுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். மறுநாள் மறுபடி எழுந்து நிற்கிற கைதான் முக்கியம்.

சரி, நாளைக்கு என்ன? நான் சொல்கிறேன். இன்று ராத்திரி படுக்குமுன் ஒரு டம்ளர் பாசிப்பயறும் ஒரு பிடி பச்சரிசியும் அளந்து பாத்திரத்தில் போட்டுக் குழாயடியில் வையுங்கள். காலையில் கழுவித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் வந்ததும் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்புச் சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள், புளிக்கவைக்க வேண்டாம். கல் காய்வதற்குள் வெங்காயம் நறுக்க வீட்டில் இருக்கும் இன்னொருவரைக் கூப்பிடுங்கள், அது யாராக இருந்தாலும் சரி. பச்சை நிறத்தில் வார்த்து, மேலே வெங்காயத்தைத் தூவி அழுத்தி, சுற்றிலும் எண்ணெய் விடுங்கள். முதல் தோசை பிய்ந்து வந்தால் கல் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஒரு வெங்காயத் துண்டால் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.